விண்வெளி டிஸ்கோ தட்டில் பெயரில்லாத ஒரு ராக் குரல்: யாருடையது என்று எப்படிக் கண்டறிவது?

கேள்வி: பாலக்கோட்டான் (தருமபுரி மாவட்டம்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பெரியப்பா பாலக்கோட்டில் மைக் செட் கடை வைத்திருந்தவர். கேசட் வந்து இசைத்தட்டுகளை ஓரங்கட்டும் வரை, கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை என்று சுற்றுவட்டார ஊர்களில் எது நடந்தாலும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான் மரத்தில் ஏறும். அவர் காலமான பிறகு யாரும் தொடாமல் கிடந்த தகரப் பெட்டியை அண்மையில் பிரித்தோம். சினிமாப் பாட்டுத் தட்டுகளுக்கும் பக்தித் தட்டுகளுக்கும் இடையில், பெங்களூரில் பழைய சாமான் வியாபாரி யாரிடமோ வாங்கியிருக்கக்கூடிய வெளிநாட்டு எல்.பி. ஒன்றும் இருந்தது. அதைப் பற்றித்தான் கேட்க வந்தேன்.

மேலுறையில் வெள்ளி நிறத் தலைக்கவசம் அணிந்த ஒருவர், பின்னால் வளையம் சூழ்ந்த ஒரு கோள். பின்னட்டையில் தயாரிப்பாளர், இசைக்கோர்ப்பாளர், சிந்தசைசர் வாசித்தவர், டிரம்ஸ் வாசித்தவர், உறைக்குப் படம் எடுத்தவர் ஆகிய அனைவருடைய பெயர்களும் உள்ளன. பதிவு செய்த இடம் லண்டன் என்றும் உள்ளது. பாடியவர் பெயர் மட்டும் இல்லை. குழுவின் பெயராக அச்சிட்டிருப்பது ஒரு கோளின் பெயர் என்பதால், இணையத்தில் தேடினால் வானியல் பக்கங்களே வந்து குவிகின்றன.

இரண்டாம் பக்கத்தின் நீண்ட பாடலில் வெகுநேரம் வரை இயந்திரத் தாளமும் மின்னிசையும்தான். பிறகு ஒரு பெண் வந்து இரண்டே வரிகளைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார். பாடல் தேய்ந்து மறையும் கடைசிப் பகுதியில்தான் அந்தக் குரல் கட்டவிழ்ந்து மேலே ஏறுகிறது. டிஸ்கோவில் வழக்கமாகக் கேட்கும் மென்மை அதில் இல்லை. அறுபதுகளின் இறுதியில் வந்த ஆங்கில ராக் தட்டுகளில், முன்னால் பாடுபவரை மீறிக்கொண்டு ஒலிக்குமே ஒரு பின்குரல், அந்தத் தொண்டை. ராக் இசைக்குப் பின்குரல் கொடுத்தவர்கள் இப்படிப்பட்ட விண்வெளித் தட்டுகளிலும் பாடினார்களா? பாடியிருந்தால் பெயரை ஏன் மறைத்தார்கள்? இது யாருடைய குரல் என்று இப்போது கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

பதில்: தட்டுப்பெட்டி (ஓசூர்)

வணக்கம். தங்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. அந்தக் காலத்து டிஸ்கோ தட்டுகளில் ஏராளமானவை, மேடையேறிப் பாடும் குழு என்று எதுவுமே இல்லாமல், ஒரு தயாரிப்பாளரும் ஸ்டூடியோவில் அமர்வுக் கூலிக்கு வாசிப்பவர்களும் பாடுபவர்களும் சேர்ந்து உருவாக்கியவை. குழுவின் பெயர் தயாரிப்பாளருக்குச் சொந்தம். அடுத்த தட்டில் அதே பெயரில் வேறொருவர் பாடினாலும் கேட்பதற்கு ஆள் இல்லை.

விண்வெளி மோகத்துக்குக் காரணம் தேடி அதிக தூரம் போக வேண்டியதில்லை. 1977 மே மாதம் அமெரிக்காவில் ‘ஸ்டார் வார்ஸ்’ வெளியானது. அதே ஆண்டு முடிவதற்குள், மீக்கோ என்ற டிராம்போன் கலைஞர் அப்படத்தின் இசையை டிஸ்கோ தாளத்தில் அமைத்து அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்துவிட்டார். பிரான்சில் தித்தியே மாருவானி என்பவர் ‘ஸ்பேஸ்’ என்ற பெயரில் ‘மேஜிக் ஃப்ளை’ இசைத்தட்டை வெளியிட்டதும் அதே 1977இல்தான். அவர் தம் சொந்தப் பெயரைக்கூடப் போடாமல் எக்காமா என்ற புனைபெயரில் ஒளிந்துகொண்டார். தொலைக்காட்சியில் குழுவினர் அனைவரும் தலைக்கவசத்துடன் தோன்றினார்கள். முகமே வேண்டாம் என்று முடிவு செய்த இசையில் பெயர் எதற்கு என்பதுதான் அன்றைய போக்கு.

ஆனால் அந்தக் கவசங்களுக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்பதில்தான் தங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. ஸ்பேஸ் குழுவின் பாஸ் கிட்டார் கலைஞர் ஜானிக் டோப், மாக்மா என்ற முரட்டு ராக் குழுவிலிருந்து வந்தவர். அவர்களுக்குப் பாட்டு தேவைப்பட்டபோது குரல் கொடுத்தவர் மேடலின் பெல். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிறந்து, தேவாலயப் பாட்டில் வளர்ந்து, 1962இல் ஒரு மேடை நாடகக் குழுவுடன் லண்டனுக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர். பிரிட்டிஷ் பாடகி டஸ்டி ஸ்ப்ரிங்ஃபீல்டுக்குப் பின்குரல் கொடுத்திருக்கிறார். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 1969ஆம் ஆண்டுத் தட்டின் இறுதிப் பாடலில், டோரிஸ் டிராய், நேனட் வொர்க்மன் ஆகியோருடன் சேர்ந்து பாடியிருக்கிறார். எழுபதுகளின் தொடக்கத்தில் அவருடைய தனித்தட்டு ஒன்றைத் தயாரித்தவர் லெட் செப்பலின் குழுவின் ஜான் பால் ஜோன்ஸ். இத்தனைக்கும் பிறகு, ஸ்பேஸின் ‘கேரி ஆன், டர்ன் மீ ஆன்’ பாடலை முகம் மூடிய மூவருக்காக அவர் பாடிக் கொடுத்தார். அந்தப் பாடலைக் கேட்டுப் பாருங்கள்; சிந்தசைசரின் குளிர்ச்சிக்கு நடுவில் ஒரு தேவாலயமே நுழைந்து வருவது தெரியும்.

லண்டனில் இப்படிப் பாடக்கூடியவர்களின் வட்டம் மிகச் சிறியது. ராக் குழுக்களுக்குப் பாடியவர்களே விளம்பரங்களுக்கும் பாடினார்கள். பாரிசிலிருந்து டேப்பைத் தூக்கிக்கொண்டு வந்த டிஸ்கோ தயாரிப்பாளர்களுக்கும் அவர்களே பாடினார்கள். பிரெஞ்சு டிரம்ஸ் கலைஞரான செரோன், 1977இன் ‘சூப்பர்நேச்சர்’ தட்டை லண்டன் சோஹோ பகுதியில் இருந்த ட்ரைடென்ட் ஸ்டூடியோவில் பதிவு செய்தார். பீட்டில்ஸும் டேவிட் போவியும் பதிவு செய்த அதே கூடம். அந்தத் தலைப்புப் பாடலின் வரிகளை எழுதியவர் லீன் லோவிச். இரண்டு ஆண்டுகள் கழித்துப் புதிய அலை ராக் பாடகியாகப் பிரிட்டன் முழுவதும் அறியப்பட்ட அவருடைய பெயர் தட்டின் முதல் பதிப்பில் இல்லை. குரலை மட்டுமல்ல, சொல்லையும் பெயரில்லாமல் வாங்கினார்கள் என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

நியூயார்க்கிலும் இதே கதைதான். ஜோப்ரயத் என்ற மினுமினுப்பு ராக் பாடகருக்கு டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த கிரெக் டயமண்ட், டிஸ்கோவுக்குத் தாவி 1978இல் ‘ஸ்டார் குரூசர்’ என்றொரு தட்டு போட்டார். அவருடைய இன்னொரு ஸ்டூடியோக் குழுவான பயானிக் பூகியில் பாடியவர் லூதர் வாண்ட்ராஸ். போவியின் 1975ஆம் ஆண்டுத் தட்டில் பின்குரல்களை அமைத்த அதே வாண்ட்ராஸ்தான். பின்னாளில் அவர் பெரும் பாடகராக உயர்ந்ததால் நாம் அந்தப் பெயரைத் தேடிப் போகிறோம். அப்படி உயராதவர்களின் குரல்கள் தங்கள் பெரியப்பாவின் தகரப் பெட்டி போன்ற இடங்களில் பெயரின்றிக் கிடக்கின்றன.

பெயரை மறைத்ததற்கு அவமானம் காரணமல்ல. வேறொரு நிறுவனத்துடன் ஒப்பந்தத்தில் இருப்பவர் இன்னொரு நிறுவனத்தின் தட்டில் பெயரோடு பாட இயலாது. பெயரின்றிப் பாடினால் பெரும்பாலும் யாரும் கேள்வி எழுப்ப மாட்டார்கள். தயாரிப்பாளருக்கும் அது வசதி, ஏனெனில் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு வேறொரு அழகியை நிறுத்தி வாயசைக்க வைக்கலாம்.

பதில்: பின்பாட்டு (பென்னாகரம்)

ஐயா தட்டுப்பெட்டி அவர்கள் விரிவாக எழுதிவிட்டார்கள். நான் ஆங்கில இசையில் புலமை உடையவன் அல்லன். எங்கள் குடும்பம் கூத்துக் குடும்பம். நானும் சில ஆண்டுகள் மெல்லிசைக் குழுவில் கோரஸ் பாடியவன். அந்த அனுபவத்திலிருந்து ஒன்று சொல்லத் தோன்றுகிறது.

எங்கள் பகுதிக் கூத்தில் வேடம் கட்டியவர் ஓர் அடியைப் பாடியதும், பின்னால் நிற்கும் பின்பாட்டுக்காரர் அதை வாங்கிப் பாடுவார். வேடக்காரர் ஆடுவதற்கும் மூச்சு வாங்குவதற்கும் அந்த இடைவெளிதான் உதவுகிறது. விடிய விடியப் பாட்டு சரியாமல் தாங்குவது பின்பாட்டுதான். ஆனால் நோட்டீசில் கர்ணன் வேடம் யார், துரியோதனன் வேடம் யார் என்றுதான் அச்சிடுவார்கள். ஊர்க்காரர்களோ குரலைக் கேட்டவுடன் “இன்றைக்குப் பின்பாட்டு இன்னாருடையது” என்று சொல்லிவிடுவார்கள். அச்சில் இல்லாத பெயர் ஊர்க் காதில் இருந்தது. தட்டில் பதிந்த குரல் கடல் கடந்து பாலக்கோட்டுக்கு வரும்போதுதான் அந்தக் காது உடன் வருவதில்லை.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். ராக் உலகில் அனைவருக்கும் தெரிந்த வழக்கு கிளேர் டாரியுடையது. 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிங்க் ஃபிளாய்டு குழுவுக்காக அபே ரோடு ஸ்டூடியோவில், ஒரு சொல்கூட இல்லாத பாட்டைத் தாமே வளர்த்துப் பாடிய அவருக்குக் கிடைத்தது 30 பவுண்டு. அதுவும் விடுமுறை நாள் என்பதால் இரட்டிப்பாக்கப்பட்ட கூலி. அந்தத் தட்டு கோடிக்கணக்கில் விற்றது. 2004இல் அவர் வழக்குத் தொடுத்தார், 2005இல் சமரசம் ஏற்பட்டது, அதன்பின் வந்த பதிப்புகளில் பாடலை இயற்றியவர்களுள் ஒருவராக அவர் பெயரும் சேர்க்கப்பட்டது. உலகமே அறிந்த தட்டுக்கே முப்பது ஆண்டுகள் ஆயின என்றால், நூற்றுக்கணக்கில் அச்சிட்டு மறந்துபோன விண்வெளி டிஸ்கோ தட்டுக்காக யார் வழக்குத் தொடுக்கப் போகிறார்கள்? பிரிட்டனில், பதிவு செய்த பாட்டு வானொலியிலும் பொது இடங்களிலும் ஒலிக்கும்போது பாடியவருக்கும் பங்கு உண்டு என்பது 1996இல்தான் சட்டமாயிற்று. நம் நாட்டில் 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைத் திருத்தத்துக்குப் பிறகுதான் பாடகர்கள் உரிமத்தொகை பற்றி வாய் திறக்கவே முடிந்தது. கோரஸ் பாடிய எங்களைப் போன்றவர்களுக்கு அதுவும் எட்டாக்கனிதான். அது வேறு கதை, இங்கே வேண்டாம்.

ஆகவே பாலக்கோட்டாரே, பெயரைக் கண்டுபிடிக்க முயல்வது வெறும் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த அம்மையார் இன்னும் இருந்தால், அவருக்குச் சேர வேண்டிய சிறு தொகைக்கும் பெயர்தான் வாசல்.

பதில்: மின்னிசைப் பித்தன் (கிருஷ்ணகிரி)

எல்லோரும் பாடகியைச் சுற்றியே பேசுவது எனக்கு ஒப்பவில்லை. விண்வெளி டிஸ்கோவில் குரல் ஒரு அலங்காரம் மட்டுமே. ‘மேஜிக் ஃப்ளை’ தட்டின் தலைப்பு இசையில் பாட்டே கிடையாது, அது விற்கவில்லையா? ஜார்ஜியோ மோரோடர் 1977இல் வெளியிட்ட ‘ஃபிரம் ஹியர் டு எடர்னிட்டி’ தட்டில் தம் குரலையே வோகோடருக்குள் அனுப்பி இயந்திரக் குரலாக்கிக்கொண்டார். 1978இல் டீ டீ ஜாக்சன் பாடி வெளிவந்த ‘ஆட்டோமேட்டிக் லவர்’ பாடலில் மக்கள் நினைவில் நின்றது எது? காதல் சொல்லும் அந்த ரோபோக் குரல்தானே. மனிதக் குரலைக் கரைத்து இயந்திரமாக்க வேண்டும் என்று திட்டமிட்டே செய்த இசையில், கரைந்துபோனவர் யார் என்று தோண்டுவது அந்த இசையின் நோக்கத்துக்கே எதிரானது. அந்தத் தட்டில் மூக் (சிந்தசைசர் வகை மின்னிசைக் கருவி) வாசித்தவர் பெயர் இருக்கிறதல்லவா? அவரைத் தேடுங்கள், பலன் கிடைக்கும்.

பதில்: தட்டுப்பெட்டி (ஓசூர்)

பித்தன் அவர்களின் கருத்தில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். டீ டீ ஜாக்சனின் பாடலைப் பற்றி அவர் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் அவர் கொண்டாடும் மோரோடரே அவருக்கு எதிரான சாட்சி.

1977இல் மியூனிக்கின் மியூசிக்லேண்ட் ஸ்டூடியோவில் உருவான ‘ஐ ஃபீல் லவ்’ பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ் முழுவதும் பெரிய மூக் இயந்திரத்திலிருந்து வந்தது. அந்த இயந்திரம் சற்று நேரத்துக்குள் சுருதி விலகிவிடும் என்பதால், சிறு சிறு துண்டுகளாகப் பதிந்து, நிறுத்தி, மீண்டும் சுருதி சேர்த்துத் தொடர வேண்டியிருந்தது. ஆயினும் பெரிய டிரம்மின் அடி மட்டும் இயந்திரத்தில் திருப்தியாக வரவில்லை. அதைக் காலால் மிதித்து அடித்துக் கொடுத்தவர் கீத் ஃபோர்சி. அவர் எங்கிருந்து வந்தவர்? ஆமோன் டூல் என்ற ஜெர்மன் ராக் குழுவோடு வாசித்தவர். எண்பதுகளில் பில்லி ஐடலின் ராக் தட்டுகளைத் தயாரித்தவரும் அவரே. பாடிய டோனா சம்மர் எங்கிருந்து வந்தவர்? பாஸ்டன் நகரில் க்ரோ என்ற ராக் குழுவில் பாடிவிட்டு, 1968இல் ‘ஹேர்’ என்ற ராக் இசை நாடகத்துக்காக மியூனிக்குக்கு வந்து, நாடகம் முடிந்த பின் அங்குள்ள ஸ்டூடியோக்களில் பின்குரல் பாடிப் பிழைத்தவர். எதிர்காலத்தின் ஒலி என்று உலகம் வியந்த பாட்டில், மனிதர் தொட்ட இரண்டு இடங்களும் ராக்கிலிருந்து வந்தவர்களுடையவை.

டோனா சம்மர் அந்தப் பாட்டில் தம் தேவாலயக் குரலை அடக்கி, காற்றைப் போன்ற மெல்லிய தலைக்குரலில் பாடினார். பலமாகப் பாடத் தெரிந்தவர் வேண்டுமென்றே அடக்கிப் பாடும்போது ஒரு இறுக்கம் பிறக்கிறது. பலம் இல்லாதவர் மெல்லப் பாடினால் அந்த இறுக்கம் வராது. ஸ்டூடியோப் பாடகிகளுக்குத் தயாரிப்பாளர்கள் கூலி கொடுத்தது இதற்காகத்தான். கூடத்துக்குள் நுழைந்ததும் தாளைப் பார்த்து, பக்கத்தில் நிற்பவருடன் குரலைக் கலந்து, மூன்று மணி நேர அமர்வுக்குள் நான்கு அடுக்குகள் பாடி முடித்து, கேட்டபோது அடக்கவும் கேட்டபோது அவிழ்க்கவும் தெரிந்திருக்க வேண்டும். ராக் குழுக்களோடு பாடியவர்களுக்கு அந்தப் பழக்கம் இருந்தது, கத்தும் கிட்டாருக்கு மேலே கேட்கும்படி நின்ற பழக்கமும் இருந்தது.

பாலக்கோட்டார் குறிப்பிட்ட அந்தக் கடைசிப் பகுதிக்கு வருகிறேன். இரண்டு வரிகளைத் தாளில் எழுதியது தயாரிப்பாளர். பாட்டு தேயும் இடத்தில் மட்டும் “இனி உங்கள் விருப்பம்” என்று விட்டுவிடுவார்கள். ஒலிக் கட்டுப்பாட்டுப் பலகையின் முன் இருப்பவர் ஒலியை மெல்ல இறக்கிக்கொண்டே வர, பாடகி தம் சொந்தச் சரக்கை அவிழ்ப்பார். பெயரைக் கண்டுபிடிக்க விரும்பும் எவரும் அந்த இறுதிப் பகுதியைத்தான் கேட்க வேண்டும். முன்பகுதியில் குரலை இரட்டிப்பாகவும் நான்காகவும் அடுக்கியிருப்பார்கள்; டேப் வேகத்தைச் சற்றே மாற்றிக் குரலின் நிறத்தையே மாற்றியிருப்பார்கள். இறுதியில் பெரும்பாலும் ஒற்றைக் குரல்தான் இருக்கும்.

நம் பக்கத்துக்கு நெருக்கமான எடுத்துக்காட்டும் ஒன்று உண்டு. பெங்களூரில் பிறந்து, அறுபதுகளில் லண்டனுக்குப் போய், 1974இல் கார்ல் டக்ளஸ் பாடிய ‘குங்ஃபூ ஃபைட்டிங்’ பாடலைத் தயாரித்த பித்துவை அனைவரும் அறிவீர்கள். 1976இல் அவர் தயாரிப்பில் பிரிட்டனில் முதலிடம் பிடித்த டீனா சார்ல்ஸ், அதற்கு முன் ஸ்டூடியோக் குரலாகவே இருந்தவர். ஸ்டீவ் ஹார்லியின் 1975ஆம் ஆண்டு ராக் பாடலில் ஒலிக்கும் பின்குரல்களில் ஒன்று அவருடையது. அதே 1975இல் ஃபைவ் தவுசண்ட் வோல்ட்ஸ் என்ற பெயரில் வந்து பெருவெற்றி பெற்ற டிஸ்கோ பாடலை உண்மையில் பாடியவரும் அவர்தான். ஆனால் தொலைக்காட்சியில் அதற்கு வாயசைத்தவர் லூவன் பீட்டர்ஸ் என்ற நடிகை. பித்துவும் எழுபதுகளின் இறுதியில் ‘ஃபியூச்சரிஸ்டிக் ஜர்னி’ என்று தம் பங்குக்கு ஒரு விண்வெளித் தட்டு போட்டார். நம் ஓசூரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் பிறந்தவர் அந்தச் சந்தையில் இருந்திருக்கிறார் என்பதில் எனக்குச் சிறு கர்வம் உண்டு, மன்னிக்கவும்.

பதில்: பழைய ஆம்ப்ளிஃபையர் (காவேரிப்பட்டணம்)

தம்பி பாலக்கோட்டான், நானும் அந்தக் காலத்தில் சவுண்ட் சர்வீஸ் நடத்தியவன்தான். உன் பெரியப்பாவைப் போன்றவர்கள் இத்தகைய தட்டுகளை எதற்கு வாங்கினார்கள் என்று சொல்கிறேன். பந்தலில் நாதஸ்வரம் நின்று பந்திக்கு அழைக்கும் வரையிலான இடைவெளியில், பாட்டு இல்லாத வெளிநாட்டு இசையைப் போட்டால் கடைக்கு ஒரு மதிப்பு. போனி எம் தட்டு இல்லாத செட்டுக்காரர் அப்போது அரிது. 1978இல் வந்த அவர்களுடைய ‘நைட்ஃபிளைட் டு வீனஸ்’ தட்டின் தொடக்கத்தில் ராக்கெட் புறப்படும் அறிவிப்பு வரும். 1979இல் ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையம் தலையில் விழப்போகிறது என்று ஊரே நடுங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு கல்யாண வீட்டில் அதைப் போட்டு, பெண் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்தக் குழுவில்கூட ஆடிய ஆண் பாபி ஃபாரல், தட்டில் ஒலித்த ஆண் குரல் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியனுடையது என்பது பின்னாளில்தான் நமக்குத் தெரிய வந்தது.

இனி வேலையைப் பார்ப்போம். முதலில் தட்டைக் கழுவு. மண்ணெண்ணெயோ ஸ்பிரிட்டோ தொடாதே. மிதமான சோப்புத் தண்ணீரில் மெல்லிய துணியை நனைத்து, வரிகளின் போக்கிலேயே துடை. நடுவிலுள்ள தாள் நனையக் கூடாது. பிறகு வேகத்தைச் சரிபார். டிஸ்கோ காலத்தில் பெரிய தட்டையே நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் ஓடும்படியும் வெட்டினார்கள். அதை 33இல் போட்டால் பெண் குரல் ஆண் குரலாகும். நேர்மாறாகப் போட்டால் யாருடைய குரலும் கிளிக்குரல்தான். உன் இயந்திரத்தின் பெல்ட் தளர்ந்திருந்தாலும் சுருதி இறங்கும். யார் பாடியது என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன் இது முக்கியம்.

அடுத்து, பாட்டு முடிந்து தாளுக்கு முன்னால் வெறுமையாக ஓடும் வளையத்தைப் பார். டார்ச்சைத் தலைக்கு மேலே பிடித்தால் ஒன்றும் தெரியாது. தட்டைச் சாய்த்துப் பக்கவாட்டில் வெளிச்சம் விழச் செய்து மெதுவாகச் சுற்று. அச்சடித்த எண் ஒன்று இருக்கும். கையால் கீறிய எழுத்து சில சமயம் இருக்கும். தட்டின் மூலத்தை வெட்டியவர் தம் பெயரையோ கூடத்தின் பெயரையோ கீறிவைக்கும் வழக்கம் உண்டு. அவற்றை ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டு வா.

மறுமொழி: பாலக்கோட்டான் (தருமபுரி மாவட்டம்)

ஐயா சொன்னபடியே செய்தேன். மிக்க நன்றி. தட்டு 33 வேகத்துக்கு உரியதுதான். பெல்ட்டை மாற்றியதும் குரல் சற்றே மேலே ஏறி, முன்பு கேட்டதைவிட இளமையாகத் தெரிகிறது. வெற்று வளையத்தில் நீண்ட எண் ஒன்றும், அதற்கு எதிர்ப்புறத்தில் கையால் கீறிய இரண்டு எழுத்துகளும் உள்ளன. நடுத்தாளில் சிறு கட்டத்துக்குள் ‘எஸ்.ஏ.சி.இ.எம்.’ என்ற எழுத்துகளும், வட்டத்துக்குள் ‘பி’ என்ற எழுத்தோடு 1978 என்ற ஆண்டும் அச்சாகியுள்ளன. இறுதிப் பகுதியைத் தனியாகக் கேட்டபோது இன்னொன்றையும் கவனித்தேன். ஒவ்வோர் அடிக்கும் முன்னால் அவர் மூச்சை இழுக்கும் ஒலி தெளிவாகக் கேட்கிறது, அதுவும் தாளத்தின் மேலேயே விழுகிறது. இதிலிருந்து ஏதேனும் ஊகிக்க முடியுமா? மேடலின் பெல் அவர்களாக இருக்கலாமோ என்று மனம் ஆசைப்படுகிறது.

பதில்: தட்டுப்பெட்டி (ஓசூர்)

கட்டத்துக்குள் உள்ள அந்த ஐந்து எழுத்துகள் பிரெஞ்சு இசைப் படைப்பாளர் சங்கத்தின் குறி. ஜெர்மன் அச்சாக இருந்தால் ‘கெமா’ என்று இருக்கும். ஆக, லண்டனில் பாடி, பிரான்சில் அச்சான 1978ஆம் ஆண்டுத் தட்டு என்று நம் எல்லை இப்போது நன்றாகவே குறுகிவிட்டது. இசைத்தட்டு விவரங்களைத் தொகுக்கும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் குழுவின் பெயரைப் போட்டுத் தேடாமல், வளையத்தில் உள்ள எண்ணையும் தயாரிப்பாளர் பெயரையும் போட்டுத் தேடுங்கள். அந்தத் தயாரிப்பாளரின் மற்றத் தட்டுகள் வரும். ஏதாவது ஒன்றில் பாடகிகளின் பெயர்களை அச்சிட்டிருப்பார். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் நம்பிக்கையான அதே ஓரிருவரையே திரும்பத் திரும்ப அழைத்தார்கள். பிரான்சின் வாயாஜ் குழுவைப் பாருங்கள்: நால்வரும் ஸ்டூடியோவில் கூலிக்கு வாசித்தவர்கள், பாடியவரோ சில்வியா மேசன் என்ற லண்டன் பாடகி. அத்தகைய தட்டுகளை அருகில் வைத்து ஒப்பிட்டுக் கேட்டால் வட்டம் இன்னும் சுருங்கும்.

பெல் அவர்களின் பெயரை இப்போதைக்கு எங்கும் எழுதாதீர்கள். யாரோ ஒருவர் ஆசையில் ஒரு தளத்தில் ஏற்றிய பெயரைப் பத்துப் பேர் எடுத்து எழுதி, பிறகு அதுவே வரலாறாகிவிடுவது இந்த வட்டாரத்தில் அன்றாடம் நடக்கிறது. உண்மையில் பாடியவர் வந்து சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

தாளத்தின் மேல் விழும் அந்த மூச்சு நல்ல தடயம். பெரும்பாலான ஒலிப்பதிவாளர்கள் அதை வெட்டிவிடுவார்கள். இங்கே விட்டிருக்கிறார்கள் என்றால், அவர் அதைத் தாளமாகவே பயன்படுத்தினார் என்பது அவர்களுக்கும் புரிந்திருக்க வேண்டும். இறுதி இரண்டு நிமிடங்களை மட்டும் பதிந்து இங்கே ஏற்றுங்கள். எந்த வடிகட்டியும் போடாமல், கீறல் சத்தத்தோடு அப்படியே. நடுத்தாளின் இருபுறப் படங்களையும் சேர்த்து அனுப்புங்கள். பிரெஞ்சுத் தட்டுகளைச் சேர்க்கும் நண்பர் ஒருவர் பெங்களூரில் இருக்கிறார், அவருக்கு அனுப்பிக் கேட்கிறேன்.

பதில்: மின்னிசைப் பித்தன் (கிருஷ்ணகிரி)

மூக் வாசித்தவர் பெயரையும் சேர்த்தே அனுப்புங்கள். குரலைத் தேடும் வழியில் அவரும் அகப்பட்டால் நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.